‘உலகம் முழுக்கச் செல்லும் போட் லைசென்ஸ்’ என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்

நீரோடியிலிருந்து சின்னமுட்டம் வரைக்கும் நம் கடற்கரை ஊர்களில் இருக்கும் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, வளைகுடாவுக்கோ கேரளத்து ரிசார்ட்டுக்கோ போக வழி பார்த்துக்கொண்டிருக்கும் பையன் வீட்டில் இருந்தால் கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள். ‘சர்வதேச ஸ்பீட் போட் லைசென்ஸ், வாழ்நாள் முழுக்கச் செல்லும், ஐ.நா. அங்கீகாரம், வேலைக்கு உத்தரவாதம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் சுற்றுகிறது. என் அக்கா மகன் அதை நம்பி 45,000 ரூபாய் கட்டினான். அக்கா நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம்.

அவன் கடல் தெரியாத பையன் இல்லை. அத்தானோடு ஃபைபர் வள்ளத்தில் போய் வளர்ந்தவன். ஆறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்தில் அலை மடிந்து விழும்போது எந்த இடைவெளியில் வள்ளத்தை உள்ளே விட வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனிடம் இல்லாதது ஒரு சான்றிதழ் மட்டும்தான். அதைத் தெரிந்துகொண்டுதான் வலை போட்டிருக்கிறார்கள்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு லாட்ஜ் ஹாலில் வகுப்பு. புரொஜெக்டரில் யூடியூப் வீடியோ ஓட்டினார்கள். அப்புறம் வாடகைக்கு எடுத்த ஒரு போட்டில் ஆளுக்கு ஐந்து நிமிடம், அதுவும் போட்டோ எடுப்பதற்கு. அந்தப் போட்டோவை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டீயரிங் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் சுருள் சுருளாக ஒரு கயிறு சும்மா தொங்குகிறது. அதுதான் கில் சுவிட்ச் கயிறு. ஓட்டுகிறவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் உடனே நிற்க வேண்டும் என்பதற்காக, அதன் மறுமுனையை அவர் கையிலோ தொடையிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டாமல் விழுந்தால், ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து விழுந்தவர் மேலேயே ஏறிவிடும். புரொப்பெல்லர் உடம்பை விட்டுவைக்காது. சொல்லிக்கொடுக்க வந்தவர் கையிலேயே அந்தக் கயிறு இல்லை. பையன்கள் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டுகளில் பக்கிள் மாட்டாமலே கிடந்தது. பணம் போனதைவிட இதைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பெல்லாம் பதறியது. இந்தப் பையன்களை நம்பி நாளைக்குக் குடும்பம் குடும்பமாகப் படகில் ஏறுவார்களே!

கொடுத்த சான்றிதழ் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். நங்கூரம், ஹாலோகிராம், தங்க நிற முத்திரை, அடியில் ‘ஐ.நா. தீர்மானம் 40’ என்று ஒரு வரி. அந்தத் தீர்மானம் உண்மையிலேயே இருக்கிறது. அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். அது ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் போட்டது. ஏற்றுக்கொண்ட நாடுகள் தங்கள் குடிமக்களுக்கும் தங்கள் மண்ணில் குடியிருப்பவர்களுக்கும் சான்று கொடுக்கலாம். சொந்தமாக உல்லாசப் படகு ஓட்டுகிறவர்களுக்காக வந்த ஏற்பாடு அது. சம்பளத்துக்கு ஆள் ஏற்றி ஓட்டும் வேலைக்கு அது உதவாது. இந்தியா அந்த ஆணையத்தில் உறுப்பு நாடே இல்லை. மார்த்தாண்டத்து லாட்ஜில் உட்கார்ந்து அதைக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது.

உலகத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே போட் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. ஜெர்மனியில் 15 குதிரைத்திறனைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். பிரான்சில் 6 குதிரைத்திறனைத் தாண்டினாலே வேண்டும். கனடாவில் எவ்வளவு சின்ன மோட்டார் என்றாலும் உல்லாசப் படகு ஓட்டத் தகுதி அட்டை கேட்பார்கள். பிரிட்டனில் சொந்தப் படகைக் கடலில் ஓட்ட லைசென்ஸே தேவையில்லை, ஆனால் சம்பளத்துக்கு ஓட்டினால் கேட்பார்கள். துபாய்க்குப் போனால் அங்குள்ள அரசு கொடுப்பதுதான் செல்லும்.

நம் நாட்டில் என்ன நிலைமை? 1917ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 2021ஐக் கொண்டுவந்தார்கள். ஆறு, காயல் போன்ற உள்நாட்டு நீரில் எஞ்சின் வைத்த படகு ஓட வேண்டுமானால் ஆய்வுச் சான்று, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். பதிவு எண் வெளியே தெரிகிற மாதிரி எழுதியிருக்க வேண்டும். ஓட்டுகிறவரிடம் தகுதிச் சான்று இருக்க வேண்டும். அதை மாநில அரசு நியமித்த தேர்வாளர் சோதித்த பிறகு அரசுதான் கொடுக்கும், தனியார் அகாடமி கொடுக்க முடியாது. கடலுக்குள் போவதென்றால் சட்டமே வேறு. மீன்பிடிக்கப் பதிவு செய்த வள்ளத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றுவதும் தப்பு. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்த உல்லாசப் படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியதுதான். அளவுக்கு மேல் ஆளை ஏற்றி, இருட்டிய பிறகு ஓட்டியிருக்கிறார்கள். 22 பேர் செத்தார்கள், பாதிக்கு மேல் பிள்ளைகள்.

அக்கா மகன் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பூவார் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குப் போனான். மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மோனே, இது யார் தந்தது? சிராங்கு லைசென்ஸ் இருந்தால் கொண்டுவா” என்று சொல்லியிருக்கிறார். சிராங்கு என்றால் படகைப் பொறுப்பேற்று ஓட்டுகிறவர்; அதற்கு அரசு கொடுக்கும் தகுதிச் சான்றைத்தான் கேட்டிருக்கிறார். அவன் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவனைக் கூட்டிக்கொண்டு, வகுப்பு நடத்தியவர்களின் அலுவலகத்துக்குப் போய்ப் பணத்தைக் கேட்டேன். அங்கே இருந்த ஆள் சத்தம்கூடப் போடவில்லை. “அண்ணாச்சி, ரசீதைப் பாருங்க” என்றார். ‘ஆலோசனை மற்றும் பயிற்சிக் கட்டணம்’ என்று அச்சடித்திருக்கிறது. லைசென்ஸ் என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. “பயிற்சி கொடுத்தோமா இல்லையா? தம்பியே போட்டோவில் இருக்காரே” என்கிறார். அந்தப் போட்டோ எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. வெளிநாட்டு வேலை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ‘முயற்சி பண்ணுவோம் என்றுதான் சொன்னோம்’ என்று பதில்.

அதனால் பணம் கட்டும் முன்னாலேயே எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சட்டத்தின் கீழ் இந்தச் சான்று, கையெழுத்துப் போடும் அரசு அதிகாரி யார், தேர்வு எங்கே நடக்கும்? பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நம் மாநிலத்தில் தமிழ்நாடு கடல்சார் வாரியத்திடம் நேரடியாக விசாரிக்கலாம். படகு ஓட்ட முறையாகப் படிக்க வேண்டும் என்றால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் கோவாவில் இருக்கிறது. பவர் போட் ஓட்டவும் உயிர்காக்கவும் அங்கே பயிற்சி தருகிறார்கள். வெளிநாட்டு வேலை என்று சொல்கிறவரின் பதிவு எண்ணை மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? நோட்டீஸ், வாய்ஸ் மெசேஜ், ஜிபே ஸ்கிரீன்ஷாட், ரசீது எதையும் அழிக்காதீர்கள். ரசீதில் இல்லாத வாக்குறுதி வாய்ஸ் மெசேஜில் இருக்கிறது. எங்கள் புகாரில் பெரிய ஆதாரமே அதுதான். ஆன்லைனில் பணம் போட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், நுகர்வோர் உதவிக்கு 1915. நாங்கள் நாகர்கோவிலில் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அந்த ஹாலில் இவனோடு உட்கார்ந்த மற்றப் பையன்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் பையனைத் திட்டாதீர்கள். ரசீதை எடுத்துக்கொண்டு வந்து நீங்களும் தனியாக ஒரு மனு கொடுங்கள்.