வாடகைக்கு வருபவரைத் தெரிவுசெய்தல்: தரகர், தெரிந்தவர், முற்பணம், முன்னைய வீட்டுக்காரர்

யாழ்ப்பாணத்தில் வீடு தேடி வருபவரிடம் வீட்டுக்காரர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் "எந்த ஊர்?" என்பதாகவே இருக்கின்றது. அடுத்தது, நேரடியாகவோ சுற்றி வளைத்தோ, "ஆற்றை ஆக்கள்?", அதாவது யாருடைய ஆட்கள், என்பது. வாடகை நாளுக்கு வருமா, கிணற்று மோட்டர் எரியாமல் இருக்குமா, தவணை முடிந்ததும் திறப்பு கைக்கு வருமா என்ற கவலைகளில் ஒன்றுக்கேனும் இந்தக் கேள்விகளில் விடை கிடையாது. கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் கொக்குவில் வீட்டைப் பல வருடங்களாக நானே பார்த்து வருகின்றேன். ஆள் தெரிவதற்கு ஊரில் வழக்கிலுள்ள வழிகள் எல்லாவற்றையும் அந்த ஒரு வீட்டிலேயே முயன்றுவிட்டபடியால், அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகின்றது.

தரகரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வீடு பூட்டிக் கிடந்து, வளவில் புல் முளைத்து, கதவு நிலையில் கறையான் ஏறும் நேரத்தில் அவரைப் போல விரைவாக ஆள் கொண்டு வருபவர் எவருமில்லை. ஆனால் திறப்புக் கைமாறிக் கூலி கிடைத்ததோடு அவருடைய அக்கறை முடிந்துவிடுகின்றது. ஆளைக் கொண்டு வருவதற்கு அவர் போதும். ஆளைத் தெரிவது எங்கள் வேலையாகவே மிஞ்சும்.

தெரிந்தவர் சொல்லி வருபவரையே நம்மவர்கள் மிகவும் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். சித்தப்பா முறையான ஒருவர் "நல்ல குடும்பம், நான் பொறுப்பு" என்று சொன்னதால், அடையாள அட்டைப் பிரதிகூட வாங்காமல் ஒரு குடும்பத்தை இருத்தினேன். மூன்றாம் மாதத்திலிருந்து வாடகை பிந்தியது. நான்கு மாத நிலுவையைக் கேட்கப் போனபோது, அது கடன் கேட்பதாக அல்ல, சித்தப்பாவைச் சந்தேகிப்பதாக விளங்கிக்கொள்ளப்பட்டது. பிறகு ஒரு செத்தவீட்டில் அவர் என்னோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பதை இப்போது உணர்கின்றேன்: அது உண்மையில் நல்ல குடும்பந்தான், ஆனால் அவர்கள் வாடகை வீட்டில் எப்படி இருந்தார்கள் என்பது அவருக்கே தெரியாது. உறவின் பிணை வாடகையைக் காப்பதில்லை. வாடகையைக் கேட்கும் வாயைத்தான் கட்டிப்போடுகின்றது.

இதற்கு நேர்மாறானது பெரிய முற்பணம். ஒரு வருட வாடகையை முன்கூட்டியே வாங்கிவிட்டால் ஆளைப் பற்றி எதுவும் அறியத் தேவையில்லை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. வெளிநாட்டிலிருந்து காசு வரும் குடும்பம் அதை ஒரே நாளில் எண்ணி வைத்துவிடும். புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியரால் முடியாது. ஆகவே இந்த முறை கையில் காசுள்ளவரைத் தெரிகின்றதே தவிர, வீட்டைப் பேணுபவரைத் தெரிவதில்லை. இதைவிடப் பெரிய சிக்கல் வெளிக்கிடும் நாளில் வரும். வாங்கிய காசை வீட்டுக்காரர் மதில் கட்டவோ கூரை திருத்தவோ செலவழித்திருப்பார். "மிச்சத்தைத் தாருங்கோ, போறம்" என்று வாடகைக்காரர் உள்ளே இருந்துவிடுவார். கொடுத்த பணம் திரும்பும்வரை வட்டிக்குப் பதிலாக நிலத்தின் பயனை அனுபவிக்கும் தேசவழமை (யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டம்) ஒற்றியை நினைவூட்டும் நிலை அது.

கடதாசி வழி இவற்றைவிட உறுதியானது, ஆனால் இங்கே அதைப் பக்குவமாகக் கையாள வேண்டும். போர்க்காலத்தில் பதிவுப் படிவங்களை நிரப்பி நிரப்பிச் சலித்த ஊரில், அடையாள அட்டையைக் கேட்டதும் ஒருவர் முகம் சுருங்கினால் அதைக் கள்ளத்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் முதலில் என்னுடைய அட்டையைக் காட்டிவிட்டே கேட்பேன். பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதலிரண்டு பிறந்த வருடம், அடுத்த மூன்று, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்ற கணக்கில், அந்த வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 1985 பெப்ரவரி 1 பிறந்த ஆணுக்கு 85032 என்றும் பெண்ணுக்கு 85532 என்றும் தொடங்கும். சொன்ன பிறந்த திகதியோடு இது ஒத்துவருகின்றதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் ஒப்பமிட்டால் போதும் என்ற பழக்கம் பிழையானது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டாலன்றி வலுவற்றது. குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீளப் பெறுவதற்கென 2023 இல் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, முறையாக எழுதி வைப்பதன் பெறுமதி கூடியிருக்கின்றது. நொத்தாரிசிடம் வரச் சம்மதிப்பதே ஒரு சோதனைதான். ஆயினும் செலவுக்கு அஞ்சிப் பின்னிற்பவரும் உண்டு என்பதால் அந்தச் செலவில் பாதியை நான் ஏற்பது வழக்கம்.

எனினும் எனக்கு மிகவும் பயன்பட்டது முன்னைய வீட்டுக்காரரோடு கதைத்ததுதான். இதில் ஒரு கண்ணி இருக்கின்றது: இப்போது இருக்கும் வீட்டுக்காரர், ஆள் போனால் போதும் என்று புகழ்ந்துவிடுவார். அதனால் அதற்கும் முந்திய வீட்டைக் கேட்க வேண்டும். "நல்லவரா?" என்று கேட்டால் "ஓம், நல்ல பெடியன்" என்ற பதிலே வரும், கடைசி மாதக் கரண்ட் பில்லை யார் கட்டினார், வெளிக்கிட்ட பிறகு கதவைத் திறந்தபோது என்ன கண்ணில் பட்டது என்று கேட்டால் கதை வேறாக வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிப் பக்கம் அறை தேடும் மாணவருக்கு முன்னைய வீடே இருக்காது. அங்கே பெற்றோரில் ஒருவரை ஒப்பமிட வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது இருக்கும் குடும்பத்தை எனக்கு எவரும் சிபாரிசு செய்யவில்லை. ஊரும் மன்னார்ப் பக்கம். இரண்டு மாத முற்பணத்துக்கு மேல் அவர்களால் முடியவில்லை. முந்திய வீடு கோண்டாவிலில் இருந்ததால் அங்குள்ள அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "தம்பி, வாடகை ரெண்டு தரம் பிந்தினதுதான். ஆனா முதலாந் திகதியே வந்து, இந்த மாதம் பத்தாந் திகதிதான் தருவன் எண்டு சொல்லிப் போட்டார். போகேக்க சுவரில அடிச்ச ஆணியெல்லாம் பிடுங்கி, ஓட்டையையும் பூசிப் போட்டுத்தான் போனவர்." அடுத்த வாரம் நொத்தாரிசிடம் எழுதிவிட்டு, மின்மானி வாசிப்பையும் மோட்டரையும் இருவருமாகப் படம் எடுத்துக்கொண்டு திறப்பைக் கொடுத்தேன்.