ஆறு சிறு திருகுகள்: ஒரு பலகையோடு நான்கு ஆண்டுகள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். "உங்களிடம் இருக்கிற அதே அலைச்சறுக்குப் பலகையின் விலை குறைந்திருக்கிறது. வாங்கிவிடலாமா?" என்று கேட்டார். பழுது பார்த்த என் பலகை வீட்டுக்குத் திரும்பி அன்றைக்கு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஆகவே என் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

பலகையின் நீளம், அகலம், மிதப்பு பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அவை கடைக்காரர் சொல்வதுதான், சரியாகவே இருக்கின்றன. நான் சொல்ல வருவது பலகையைப் புரட்டிப் போட்டால் வாலருகே தெரியும், மீனின் துடுப்பு போன்ற மூன்று ஃபின்களைப் பற்றி, இன்னும் குறிப்பாக அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் ஆறு திருகுகளைப் பற்றி. ஒரு ஃபின்னின் அடியில், பலகையின் குழிக்குள் இறங்கும் இரண்டு பற்கள்; ஒரு பல்லுக்கு ஒரு திருகு. ஹார்ட்வேர் கடையில் கிரப் ஸ்க்ரூ என்பார்கள். தலை கிடையாது, அறுகோணக் குழி மட்டும் இருக்கும். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய உருப்படி. நான்கு ஆண்டுகளில் இந்தப் பலகை எனக்குத் தந்த துன்பம் முழுவதும் இந்த ஆறில்தான் அடங்கியிருக்கிறது.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை. தெற்கிலிருந்து நல்ல அலை இரண்டு நாளாக வந்துகொண்டிருந்தது. காற்று இன்னும் எழவில்லை. தந்திராயன்குப்பத்தில் கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில் அலை உடைந்து, வலப்புறமாகச் சீராக ஓடியது. வருடத்தில் இப்படிப்பட்ட காலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீட்டு மாடிப்படி குறுகல். ஃபின்னோடு தூக்கினால் சுவரில் இடிக்கும். அதனால் எப்போதும் கழற்றிக் கொண்டுபோய்க் கரையில்தான் மாட்டுவேன். அன்றும் மணலில் உட்கார்ந்து மாட்டினேன். நடு ஃபின் ஏறியது. வலது ஏறியது. இடது ஃபின்னின் பின்திருகு மட்டும் பிடிக்கவில்லை. கீ உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. அறுகோணக் குழி வட்டமாகத் தேய்ந்துவிட்டிருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. பலகையோடு வந்த ஆலன் கீ அங்குலக் கணக்கில் செய்தது: அங்குலத்தை 32 பங்காக்கினால் அதில் 3 பங்கு, அதாவது சுமார் 2.38 மில்லிமீட்டர். தீக்குச்சி போல இருக்கும் அது இரண்டு மாதத்துக்கு முன் மணலில் விழுந்தது; மணல் திருப்பித் தரவில்லை. புதுச்சேரியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எங்கே கேட்டாலும் எல்.என். கீ (ஆலன் கீயைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்) செட்டை எடுத்து நீட்டுகிறார்கள். அதில் 2 மில்லிமீட்டர் இருக்கிறது, 2.5 இருக்கிறது. 2.5 குழிக்குள் நுழையவே நுழையாது. 2 நுழையும், ஆனால் தளர்வாக ஆடும். ஒவ்வொரு முறை திருகும்போதும் ஆறு மூலைகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வேறு வழியில்லை என்று நான் அந்த 2-ஐத்தான் பயன்படுத்தி வந்தேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்நாட்டின் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கக்கூடிய அளவில் ஒரு குழியை வைத்திருக்கலாமே என்ற என் கேள்விக்கும் பதில் வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த வேறுபாட்டால் ஒரு நல்ல காலை போய்விட்டது.

பின்திருகு பிடிக்காத கோபத்தில், முன்திருகையாவது இறுக்கிவிட்டால் ஒரு மணி நேரம் தாங்கும் என்று நினைத்தேன். கீயைச் சாய்த்து மூலையில் முட்டவைத்து முழுபலத்தோடு திருகினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஃபின் உட்காரும் பிளாஸ்டிக் குழியின் விளிம்பு விரிந்து, அதைச் சுற்றிய ஃபைபரில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. அதற்குப் பிறகு கடலில் இறங்க முடியாது. கோடு வழியாக நீர் புகுந்தால் உள்ளே இருக்கும் நுரை குடித்துக்கொண்டே போகும். ஒன்பது மணிக்குக் காற்று எழுந்து கடல் கலங்கும்வரை மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பத்துப் பையன்கள் இருவர் ஒரே பலகையை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தக் காலைப்பொழுதின் வலி இன்னும் ஆறவில்லை.

முதலில் திருகு. முத்தியால்பேட்டையில் இருசக்கர வண்டி மெக்கானிக் ஒருவர், தேய்ந்த குழிக்குள் சற்றே பெரிய நட்சத்திர முனை பிட் ஒன்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கி, ஒரே திருப்பில் கழற்றினார். பத்து நிமிட வேலை. பிறகு நான் கேட்காமலே ஒரு காரியம் செய்தார். 2.5 கீ ஒன்றை எடுத்துச் சாணைக்கல்லில் ஆறு பக்கமும் துளித் துளியாக இழைத்து, நல்ல திருகு ஒன்றில் நுழைத்து நுழைத்துப் பார்த்து, கச்சிதமாக உட்காரும்வரை விடவில்லை. வெளிநாட்டுக் கீயைவிட அது இறுக்கமாகப் பிடிக்கிறது. இப்போது அதைச் சிவப்புக் கயிற்றில் கட்டிப் பையின் உட்பக்கத்தில் தைத்துவிட்டேன்.

அடுத்தது விரிசல். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று பலகையைக் கொண்டுபோனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதை மறந்துவிட்டேன். அவர்களுக்கு மூச்சு விட நேரமில்லாத காலமே அதுதான். கடலுக்குப் போகாத படகுகளெல்லாம் அப்போதுதான் பழுதுக்கு ஏறி நிற்கும். நான்காம் நாள்தான் என் முறை வந்தது. கைத்தொழிலாளி பலகையைத் தட்டிப் பார்த்தார், விரலால் விரிசலை அழுத்தினார். "உள்ளே தெர்மாகோலா சார்?" என்று கேட்டார். ஆம் என்றேன். மூலையில் கிடந்த தெர்மாகோல் துண்டு ஒன்றில் தன் ரெசினை, அதாவது ஃபைபரை ஒட்டி இறுக்கும் திரவப் பசையை, ஒரு கரண்டி ஊற்றிக் காட்டினார். சூட்டில் வைத்த வெல்லம் போல அது குழைந்து உள்வாங்கிக் குழியாகிவிட்டது. படகுக்குப் போடும் பாலியஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். "இதற்கு எபாக்ஸி வேண்டும், வாங்கி வாருங்கள், நான் போட்டுத் தருகிறேன்" என்றார். அந்த ஒரு கரண்டியால் என் பலகை பிழைத்தது. அலைச்சறுக்குப் பலகையை அதற்கு முன் அவர் தொட்டதே இல்லை.

கடற்கரையில் பலகை வாடகைக்கு விடும் ஒருவரிடம் இரண்டாக உடைந்த பழைய பலகை கிடந்தது. அதிலிருந்து அதே அளவுப் பிளாஸ்டிக் குழி ஒன்றை வெட்டி எடுத்துத் தந்தார். என் பலகையில் உடைந்த குழியைத் தோண்டி எடுத்தபோது உள்ளே நுரை முன்பே ஈரமாகியிருந்தது. அதை வெயிலில் வைக்கவில்லை. சூட்டில் நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து மேல்தோல் கொப்பளித்துவிடும். மின்விசிறிக்குக் கீழே நிழலில் ஆறு நாள் உலர்த்தினோம். பிறகு புதுக் குழியை எபாக்ஸியில் பதிக்கும்போது, படகு பழுது பார்ப்பவர் ஃபின்னையே அதன் இரண்டு குழிகளிலும் மாட்டி, அது காட்டிய கோணத்திலேயே உறைய விட்டார். பக்கவாட்டு ஃபின்கள் பலகைக்கு நேர்கோட்டில் நிற்பதில்லை. அவற்றின் முன்முனை மூக்கை நோக்கி உள்ளே சாய்ந்திருக்கும். உடலும் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். ஒரு குழி கோணல் ஆனால் பலகை ஒரு பக்கமாக இழுக்கும். ஃபின்னை வைத்தே குழியைப் பதித்தால் அந்தக் கவலை இல்லை. திரும்பி வந்ததிலிருந்து ஓட்டுகிறேன், இழுக்கவில்லை.

இனி நியாயமும் பேச வேண்டும். ஃபின்னைக் கழற்ற முடிகிறது என்பது சிறிய வரம் இல்லை. 1935-இல் அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் ஹவாயில் கைவிடப்பட்ட வேகப்படகு ஒன்றின் அடிக்கட்டையைக் கழற்றித் தன் பலகையின் வாலில் பொருத்தினார். அதுவரை பலகை அலையின் முகத்தில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டுதான் போனது. ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீரர் சைமன் ஆண்டர்சன் 1981-இல் மூன்று ஃபின் பலகையோடு பெல்ஸ் பீச் போட்டியில் வென்ற பிறகு மூன்று என்பதே வழக்கமாகிவிட்டது. அந்தக் காலத்தில் ஃபின்கள் பெரும்பாலும் பலகையோடு ஃபைபரால் ஒட்டப்பட்டவை. ஒன்று உடைந்தால் பலகையே பட்டறைக்குப் போக வேண்டும். நம் கரையிலோ பாறை எங்கும் இருக்கிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு வடக்கே போகும் மணல் தடைப்பட்டு, கரை அரிப்புக்குக் கல் கொட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசிப் பத்தடியில் தடுமாறினால் ஃபின் கல்லில்தான் படும். இரண்டு முறை எனக்குப் பட்டது. இரண்டு முறையும் ஃபின்னின் பல் ஒடிந்தது, பலகைக்கு ஒரு கீறலும் இல்லை. அப்படி ஒடிய வேண்டும் என்பதற்காகவே பல்லை மெலிதாகச் செய்கிறார்கள். அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

இன்னொரு மகிழ்ச்சியையும் சொல்லாமல் விடக்கூடாது. கோடையில் அலை இடுப்பளவுகூட எழாத நாட்களில், நடு ஃபின்னைக் கழற்றிவிட்டு அதைவிடச் சிறியதை மாட்டிப் பார்த்தேன். அடம்பிடித்துக்கொண்டிருந்த வால், காலை அழுத்தியதும் இலகுவாகச் சுழன்றது. புதுப் பலகை வாங்கியது போல இருந்தது. ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்றோடு கடல் பெரிதாகும்போது பெரியதை மீண்டும் மாட்டுகிறேன். ஒரே பலகை இரண்டு பருவத்துக்கும் ஆகிறது. இதைச் சாத்தியமாக்குவதும் அதே திருகுகள்தான்.

திருகே இல்லாமல், அழுத்தினால் 'கிளிக்' என்று உட்காரும் வகையும் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரின் பலகையில் ஆறு மாதம் மாட்டிக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். மூன்று ஃபின்னையும் மாட்ட அரை நிமிடம் ஆகாது. ஆனால் நம் கரையின் மணல் மாவு போல மெல்லியது. நுரையோடு கலந்து எல்லா இடுக்கிலும் போய் உட்காரும். நன்னீரில் கழுவாமல் இரண்டு வாரம் விட்டதில் அந்தப் பிடிப்பும் இறுகிவிட்டது. ஃபின்னைப் பிடுங்கும்போது அதன் கூர்விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. ஒற்றை நீளப் பல்லும் ஒரே திருகும் உள்ள வகை, குழிக்கு வரும் அழுத்தத்தை நீளமாகப் பரப்பிவிடுகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கும் அதே அங்குலக் கீதான் வேண்டும்.

திருகோடு வாழத்தான் வேண்டும் என்றால் நான் கற்றுக்கொண்டது இது. கடலிலிருந்து வந்ததும் நன்னீரை ஊற்றிக் குழிகளைக் கழுவிவிடுங்கள். மாதம் ஒருமுறை ஆறையும் கழற்றி, படகு எஞ்சினுக்குப் போடும் கிரீஸைத் தொட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் உப்பு அவற்றைப் பூட்டிவிடும். மாட்டிய பிறகு பலகைக்குத் தேய்க்கும் மெழுகையே கொஞ்சம் எடுத்துத் திருகின் வாயை அடைத்துவிட்டால் மணல் நுழையாது. கீயை வைப்பதற்கு முன் ஊசியால் திருகின் குழியைச் சுரண்டுங்கள். ஒரு மணல் இருந்தாலும் கீ பாதிதான் இறங்கும், மூலை தேயும். மாற்றுத் திருகு வாங்கும்போது 316 ரக எவர்சில்வர் என்று கேட்டு வாங்குங்கள். 304 கடலில் துருப்பிடிக்கிறது. கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டினால் நம்பிவிடாதீர்கள், இரண்டுமே காந்தத்தில் பெரிதாக ஒட்டாது. திருகு பல்லைத் தொட்டதும் கால் சுற்றுக்கு மேல் இறுக்காதீர்கள். பக்கவாட்டு ஃபின்னின் தட்டையான பக்கம் பலகையின் நடுவைப் பார்க்க வேண்டும். இடம் வலம் மாறினால் எந்தத் திருகும் காப்பாற்றாது.

இவ்வளவும் சொன்ன பிறகு கணக்குப் போட்டால் பலகைக்குச் சாதகமாகத்தான் வருகிறது. நான்கு ஆண்டு, இரண்டு ஒடிந்த பற்கள், ஒரு விரிசல். உடல் இன்னும் உறுதியாக இருக்கிறது, விலையும் குறைந்திருக்கிறது. ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நீங்கள் சொன்னதெல்லாம் வாங்கு என்பது போல அல்லவா இருக்கிறது?" என்றார் அவர். அன்று அந்த மணலில் மூன்று மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் கேட்டிருக்கமாட்டார். அப்படி ஓர் அலை அதற்குப் பிறகு இன்றுவரை வரவில்லை. நான் இதை விற்கமாட்டேன். படகுக்காரர் போட்ட எபாக்ஸி இருக்கிறது, மெக்கானிக் இழைத்த கீ இருக்கிறது, இனி இது என்னோடுதான். புதிதாக ஒருவரை இந்த ஆறு திருகுகளிடம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அவர் எப்படியும் வாங்கிவிடுவார் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறாராம். என் கீயைத் தருகிறேன் என்றேன். காசு கொடுப்பதற்கு முன் ஆறு திருகையும் அங்கேயே கழற்றி, திரும்ப மாட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று சுற்றாமல் நின்றாலும் பலகையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும்.