மாடு மேய்க்கும் படத்துக்குச் சட்டம்: மட்டக்களப்புக் கடையொன்றின் வேலை

மட்டக்களப்பு நகருக்குள் இருக்கும் இந்தப் பிரேம் கடையில் கல்யாணப் படமும் சாமிப் படமும்தான் கூடுதலாகப் போகும். மரவேலை அருமை, நாலு மூலையும் 45 பாகையில், நூல் நுழைய இடமில்லாமல் பொருத்துகிறார்கள். 18ஆம் நூற்றாண்டுச் செப்புத்தகட்டுப் படம், அதாவது செப்புத் தகட்டில் கோடு செதுக்கி மை தடவிக் கடதாசியில் அச்சிட்டது என்றால்தான் தடுமாற்றம்.

நான் கொடுத்த படம், டச்சு ஓவியர் பெர்கெமின் மேய்ச்சல் காட்சியைப் பாரிசில் செதுக்குக் கலைஞர் லெ பா தகட்டில் செதுக்கியது. 10 மடங்கு பூதக்கண்ணாடியில் மாட்டின் விலாவைப் பாருங்கள்: கோடு நடுவில் தடித்து நுனியில் ஊசியாய் மெலியும். அது உளி போன இடம். இலைகளில் கோட்டின் நுனி மொட்டை. அது அமிலம் அரித்தது. ஒழுங்கு வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் பிற்கால இயந்திர அச்சு. அதற்கு இந்தக் கடையே தாராளம்.

பழைய படத்தின் ஓரத்தை வெட்டத்தான் முதலில் கேட்பார்கள். விடாதீர்கள். கீழே இடப்பக்கம் ஓவியர் பெயரோடு ‘பிங்ஸிட்’ (லத்தீனில் ‘தீட்டினார்’), வலப்பக்கம் செதுக்கியவர் பெயரோடு ‘ஸ்கல்ப்ஸிட்’ (‘செதுக்கினார்’), வெளியே தகடு அமுங்கிய தடம் எல்லாம் அங்கேதான். பிரெஞ்சு ஓவியர் பூஷேயின் இடைச்சியைச் செதுக்குக் கலைஞர் டெமார்த்தோ சிவப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்தது போலவே அச்சிட்ட படத்தை, கையால் வரைந்தது என்று நினைத்து, சுண்ணம் உதிராதிருக்க ஸ்ப்ரே அடிக்கப் பார்த்தார்கள். (அந்த இடைச்சிகள் காலில் சேறே படாது, நம்ம பட்டிக்காரர் பார்த்தால் சிரிப்பார்.)

கடைக்காரர் வைப்பது பின்பக்கம் ஹார்ட்போர்ட், மூலைக்கு மூலை செலோடேப். அட்டையின் அமிலம் கடதாசியில் பழுப்பாக ஏறும்; டேப் பசை எண்ணெய்க் கறையாக ஊறினால் பிறகு எடுக்கேலாது. கண்ணாடியைப் படத்தோடு ஒட்ட வைப்பது அதைவிடப் பிழை. மாரியில் வாவிக் காற்றின் ஈரம் உள்ளே வேர்த்து, படம் கண்ணாடியில் ஒட்டிப் பூஞ்சணம் பிடிக்கும்.

படத்தைச் சுற்றி வைக்கும் அமிலமற்ற மவுண்ட் அட்டையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். முகஞ்சுழிக்காமல் வெட்டித் தருகிறார்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 2 மி.மீ. ஆவது இடைவெளி வேண்டும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியக் கடதாசிப் பட்டி, கோதுமை மாச்சத்துப் பசையால். கீழ்ப்பக்கம் சும்மா தொங்கட்டும். ஈரத்துக்குக் கடதாசி விரியும், நாலு பக்கமும் ஒட்டினால் அலையடிக்கும். சட்டத்தின் கீழ் மூலைகளுக்குப் பின்னால் தக்கைத் துண்டு வைத்தால் சுவரின் ஈரமும் ஏறாது.

நாலு நாளில் தருகிறார்கள். மாரியில் அடித்த சட்டம் வெயிலில் காய்ந்ததும் மூலை விடும். தை கழிந்து கொடுப்பது நல்லம்.