கொன்றையும் சஞ்சீவியும்: என் வளவில் கண்டது

உப்புவெளியில் வீடு கட்டும் மச்சான், முற்றத்தில் கொன்றை வைக்கவா, இல்லாவிட்டால் உன்னிடம் இருக்கும் சஞ்சீவிச் செடி போதுமா என்று கேட்டான். மாரிக்கு முன் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியைத் திருத்த வந்தவர், அடைத்துக் கிடந்த கொன்றைச் சருகையும் உடைந்த காய்களையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் போன அன்றுதான் கேட்டான்.

என் கோபமெல்லாம் அந்தக் காயோடுதான். ஒன்றரை, இரண்டு அடி நீளத்துக்குக் கறுத்துத் தொங்கும். மாதக்கணக்கில் மரத்தை விடாது. கச்சான் காற்று எழும்பினால் இரவிரவாகத் தகரத்தில் அடி விழும். உடைத்துப் பார்த்தால் காசு அடுக்கியதுபோல் தட்டுத் தட்டாக அறைகள், அறைக்கொரு விதை, சுற்றிலும் கறுப்புக் களி. மலச்சிக்கலுக்கு அது மருந்து. சீமெந்துத் தரையில் மிதிபட்டால் கறை.

சஞ்சீவியில் இந்தத் தொல்லை இல்லை. இந்தியாவுக்குப் போன மாமி கொண்டுவந்து தந்த காய்ந்த உருண்டை அது. செலாஜினெல்லா இனம், பூவும் இல்லை, விதையும் இல்லை, தூள்போன்ற வித்திகளால்தான் பெருகும். இதன் குலத்துக்கு வயது ஏறக்குறைய 40 கோடி ஆண்டு. தட்டில் தண்ணீர் விட்டால் வெளிச்சுற்று முதலில் நெகிழும். மண்ணிறமாகத் தெரிந்தது அடிப்பக்கம்தான். சுருள் அவிழ அவிழ உள்ளிருந்த பச்சை மேலே வரும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஆனால் விரிந்துவிட்டது என்பதற்காக உயிர் இருக்கிறது என்று நம்பி வாங்காதீர்கள். மெக்சிக்கோப் பாலைநிலத்தில் வளரும் இதன் உறவுச்செடி செத்த பின்னும் நீர் பட்டால் விரியும். காய்ந்த திசு ஊறி நிமிர்கிறது, அவ்வளவுதான். நுனியில் புதுத்துளிர் வருகிறதா என்று பாருங்கள். எந்நேரமும் தண்ணீரில் விட்டால் அழுகிவிடும்.

வெயில் கொளுத்தும்போது சஞ்சீவி சுருண்டு கிடந்து மழைக்குக் காத்திருக்கும். கொன்றையோ இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கத் தொடங்கும். சித்திரை பிறந்து கிணற்றில் தண்ணீர் இறங்கும் நாட்களில் மரம் முழுக்க மஞ்சள் சரம். சிவனுக்கு உகந்த பூ என்று அயலட்டை கூடையோடு வரும். அந்த நாட்களில் பீலி என் நினைவுக்கே வராது. இந்த மண்ணில் அதற்கு நிகராக வேறொரு மரத்தை நான் சொல்ல மாட்டேன்.

என்றாலும் மச்சானுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். எட்டுப் பேர்ச் காணி, கூரையும் மதிலோடு ஒட்டி நிற்கிறது. சஞ்சீவித் தட்டு போதும். பின்பக்கம் கூரைக்குத் தள்ளி இடம் கிடைத்தால் மட்டும் வந்து விதை எடுத்துப் போகட்டும். தோல் கடினம், ஓரத்தைச் சீமெந்தில் உரசி, ஓர் இரவு ஊறவைத்துத்தான் நட வேண்டும்.