தோள் வரை வரும் கையுறை: ஆட்டுக் கொட்டகையில் பயன்படுத்திய அனுபவம்

கால்நடை மருந்துக் கடையில் 'ஏஐ கிளவுஸ்' (ஏஐ என்றால் செயற்கைக் கருவூட்டல்) என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிற, விரலிலிருந்து தோள் வரை வரும் மெல்லிய பாலித்தீன் உறை. டப்பாவுக்கு 100 இருக்கும். கோவில்பட்டியில் நான் வாங்கியபோது 380 ரூபாய்.

எங்களிடம் மாடு இல்லை, கன்னி இன வெள்ளாடுகள்தான். வளைகாப்பு முடிந்து மகள் எங்கள் வீட்டுக்கு வந்த நேரமும் ஆடுகள் குட்டி போடும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது. அதில் ஒரு ஆடு மாதம் நிறையாமலே குட்டி வீசிவிட்டது. பார்க்க வந்த கால்நடை மருத்துவர், வாசலில் நின்ற மகளைப் பார்த்ததும், "முதல்ல பாப்பாவ உள்ள போகச் சொல்லுங்கம்மா, அப்புறம் ஆட்டப் பாக்கலாம்" என்றார்.

குட்டி வீசும் ஆட்டின் நஞ்சுக்கொடியிலும், பின்னால் வடியும் நீரிலும், பாலிலும் புருசெல்லா கிருமி இருக்கக்கூடும். கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும், அது உள்ளே போய்விடும். மனிதருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி என்று வாரக்கணக்கில் இழுக்கும். கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையும் ஆபத்து உண்டு. இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பார்கள் என்பதால் வைத்தியமும் சிக்கலாகிவிடும். மாடு வளர்ப்பவர்களுக்கு 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு ஒரு தடவை போடும் தடுப்பூசி இருக்கிறது. எங்கள் ஆடுகளுக்கு அந்த வழி இல்லை. அதனால்தான் அன்றைக்கே இந்தக் கையுறையை வாங்கினேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, நஞ்சுக்கொடியை அள்ளும்போது இது செய்யும் உதவி. நஞ்சைக் கையில் பிடித்தபடியே உறையை உள்பக்கம் வெளியே வருமாறு உருவினால், நஞ்சு பைக்குள் அடங்கிவிடும். ஒரு சொட்டுத் தரையில் சிந்தாது. அப்படியே ஆழமாகத் தோண்டிய குழியில் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடிவிடுகிறேன். நாய் தோண்டாத ஆழம் வேண்டும். (எங்கள் பக்கம் மாட்டின் நஞ்சைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது வழக்கம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.) பாலித்தீன் மண்ணில் மக்காது என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குறைகளும் உண்டு. இது மாட்டுக்கென்று செய்தது. விரல்கள் தொளதொளவென்று இருப்பதால் ஈரக் குட்டியின் கால் பிடியில் நிற்காமல் வழுக்கும். மேலே ஒரு ரப்பர் கையுறையை இறுக்கமாகப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடுகிறது. தோளிலும் நிற்காது, துணி கிளிப் மாட்ட வேண்டும். கண்ணாடி வளையல் போட்ட கையில் மாட்டினால் உடனே கிழியும், கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு தடவை போட்டதைக் கழுவித் திரும்பப் போடவே கூடாது. கழற்றிய பிறகும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கையுறை மூச்சைக் காக்காது. க்யூ காய்ச்சல் என்று இன்னொரு நோய் இருக்கிறது. அந்தக் கிருமியும் நஞ்சில்தான் கோடிக்கணக்கில் இருக்கும், காய்ந்த பிறகும் சாகாமல் புழுதியோடு பறக்கும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை ஆட்டுப் பண்ணைகளிலிருந்து பரவி 4000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். அவர்களில் பலர் ஆட்டைத் தொட்டதுகூட இல்லை, பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள். அதனால் கொட்டகை கூட்டும்போது நான் முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கூட்டுகிறேன்.

"யம்மா, நானும் ரெண்டு கையிலயும் மாட்டிக்கிறேன், ஒரே ஒரு குட்டியத் தூக்கிட்டுத் தந்துடறேன்" என்று மகள் கெஞ்சினாள். சின்ன வயதிலிருந்து ஆட்டோடு வளர்ந்தவள். "பிள்ள பிறக்கட்டும் தாயி, கொட்டகையே ஒனக்குத்தான்" என்று தடுத்துவிட்டேன். கர்ப்பிணி குட்டி போடும் இடத்துக்கே போகக் கூடாது, கையுறை போட்டாலும் கூடாது. பிரசவம் பார்த்த சேலையோடு அவள் பக்கத்தில் நானும் போவதில்லை. துணி மாற்றி, குளித்துவிட்டுத்தான். சேலையை அவள் துவைக்கவும் விடுவதில்லை. பாலும் பொங்கக் காய்ச்சியதுதான் கொடுப்பேன். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் வீட்டில் ஆடு இருப்பதை டாக்டரம்மாவிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் வந்தால் அவர்களுக்கு அந்தத் தகவல் முக்கியம்.

ஆடு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு, அதுவும் மகளோ மருமகளோ மாசமாக இருக்கும் வீட்டுக்கு, இந்த டப்பா கட்டாயம் வேண்டும். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். ஒன்றைக் குறைத்தது விரல் அளவுக்காக. நாலைந்து ஆடு வைத்திருப்பவர்களுக்கு 100 அதிகம், பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். கம்பெனிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், பெண்கள் கைக்குப் பொருந்துகிற அளவில் 20, 25 கொண்ட சின்னப் பாக்கெட்டாகவும் போடுங்கள்.