படத்தை எங்கே காட்டுவது? புலனக் குழு, போட்டி, கடை மேசை: ஓர் ஒப்பீடு

தைப்பூசம் முடிந்த மறுநாள், கோலாலம்பூரில் கேமரா வைத்திருக்கும் தமிழர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் பத்துமலைப் படங்களால் நிரம்பிவிடும். 42.7 மீட்டர் முருகன் சிலை, 272 படிகள், காவடி, பால்குடம், மொட்டையடித்த குழந்தை. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ‘சூப்பர் அண்ணே’, கூப்பிய கைகள், கட்டைவிரல்கள். எடுத்தவருக்கு மனம் நிறைந்துவிடும். அடுத்த ஆண்டும் அவர் அதே படியில் நின்று அதே படத்தை எடுப்பார். எது நன்றாக வந்திருக்கிறது, எது தவறிப்போயிருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே!

படத்தைப் பகிரும் இடமும் அதை அலசும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் நமக்கு இங்கே இருக்கும் வழிகள் புலனக் குழு, இன்ஸ்டாகிராம், ஃபிளிக்கர், புகைப்படக் கழகப் போட்டி, பிறகு அச்சுப்போட்ட படங்களோடு ஒரு கடை மேசை. ஒரே படத்தை எல்லா வழியிலும் அனுப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். படம் இது: விடிவதற்கு முன், படிக்கட்டின் மேல்பகுதியில், காவடியோடு ஏறிவரும் ஓர் இளைஞர். கன்னத்தில் அலகு. இருட்டுக்காக ஒளியுணர்திறனை உயர்த்தி, ஐஎஸ்ஓ 6400. பின்னால், 2018இல் வண்ணம் பூசப்பட்ட படிகள். வலது ஓரத்தில் யாரோ தூக்கிப் பிடித்த கைப்பேசி.

முதலில் புலனம். எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள், அதுவே அதன் பெரிய பலம். பட்டர்வொர்த்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவரும் கிள்ளானில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படம் எடுக்கக் கிளம்பும் அக்காவும் ஒரே குழுவில் பேச முடிகிறது. ‘இந்த ரெண்டுல எது?’ என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். அந்த வேகம் வேறெங்கும் கிடைக்காது.

ஆனால் அங்கே பார்ப்பது நம் படத்தை அல்ல, அதன் சுருக்கத்தை. 24 மெகாபிக்சல் கேமரா 6000-க்கு 4000 பிக்சலில் ஒரு கோப்பைத் தருகிறது. சாதாரணத் தரத்தில் புலனம் அதன் நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குக் குறைத்துவிடுகிறது. பதினான்கு புள்ளிகள் இருந்த இடத்தில் ஒரு புள்ளி. ஐஎஸ்ஓ 6400 கொண்டுவந்த நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் பொரிப்பொரிப் புள்ளிகள், அந்தச் சுருக்கத்திலேயே மறைந்துவிடும். ஃபோகஸ் கண்ணில் விழுந்ததா, காவடியின் மயில் இறகில் விழுந்ததா என்றும் தெரியாது. ‘ரொம்ப ஷார்ப்பா இருக்கு’ என்று நண்பர் சொல்வது அவருடைய கைப்பேசித் திரையைப் பற்றிய கருத்துதான். 2023 முதல் எச்டி தேர்வு இருக்கிறது. டாக்குமெண்டாக அனுப்பினால் அசல் கோப்பே போகும், ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் முதலிய விவரங்களும் கூடவே போகும். படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் உதிர்ந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ‘என்ன லென்ஸ்?’ என்ற கேள்வி வருகிறது. படத்தைப் பற்றிய பேச்சு அதோடு லென்ஸைப் பற்றிய பேச்சாகத் திரும்பிவிடுகிறது.

இன்னொரு விளைவை நாம் அதிகம் கவனிப்பதில்லை. உள்ளங்கையளவு திரையில் எடுபடுவது ஒற்றை முகமும் மங்கிய பின்னணியும்தான். மஸ்ஜித் இந்தியா சாலையில் பூக்கடை, பின்னால் துணிக்கடை, அதற்கும் பின்னால் பேரம் பேசும் இருவர் என்று அடுக்கடுக்காக அமைந்த படம் அங்கே வெறும் கூட்டமாகத் தெரியும். அதற்குக் கட்டைவிரல் குறைவு. கட்டைவிரலைப் பார்த்தே பழகியவர் மெல்ல மெல்ல அடுக்குப் படங்களை விட்டுவிடுகிறார். நல்ல கண் உள்ள இளைஞர்கள் இப்படி ஒற்றை முகங்களுக்கு மட்டும் ஒதுங்கிப்போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், நம்மிடையே உள்ள மரியாதை. அண்ணன் போட்ட படத்தில் தொடுவானம் சாய்ந்திருக்கிறது என்று இருபது வயதுத் தம்பி எழுத்தில் எப்படிச் சொல்வான்? நேரில் என்றால் சிரித்துக்கொண்டே, ‘அண்ணே, கொஞ்சம் சாய்ஞ்சிருக்கோ?’ என்று கேட்டுவிடலாம். எழுத்தில் அந்தச் சிரிப்பு வராது. குழுவில் எழுபது பேர் பார்க்க அது குறை சொன்னதாக நின்றுவிடும். ஆகவே தம்பி வாயைத் திறப்பதில்லை. அண்ணனுக்கோ தொடுவானம் சாய்ந்தபடியே இருக்கிறது.

இன்ஸ்டாகிராமைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அது காட்சிக்கூடம். 2015 வரை சதுரப் படம் மட்டும் ஏற்றது. அதன் பிறகும் உயரமான படத்துக்கே அங்கே இடம் அதிகம். நம் கேமரா எடுக்கும் 3:2 கிடைப்படம் 1080 பிக்சல் அகலத்துக்கு 720 பிக்சல் உயரமாகச் சுருங்கி நிற்கும். அதைத் தவிர்க்க இரண்டு பக்கமும் வெட்டுகிறோம். நம் காவடிப் படத்தில் அந்த வெட்டு வலது ஓரக் கைப்பேசியை நீக்கிவிடும், கூடவே காவடியின் பாதியையும். ஊரே பார்க்கும் இடத்தில் யாரும் குறை எழுதமாட்டார்கள், எழுதவும் வேண்டாம்.

படம் பகிரும் இணையதளமான ஃபிளிக்கர் 2004இல் தொடங்கியது. இன்றைய இளைஞர்களில் பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை, ஆனால் அலசலுக்கு இணையத்தில் அதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. பெரிய அளவில் பார்க்கலாம், எடுத்த விவரங்கள் படத்துக்குக் கீழேயே இருக்கும், கருத்துகள் புலனத்தில் போல மேலே ஓடி மறையாமல் படத்தோடேயே தங்கும். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பிப் போய்ப் படிக்கலாம். ஸ்மக்மக் நிறுவனம் 2018இல் அதை வாங்கிய பிறகு இலவசக் கணக்குக்கு 1000 படம் என்ற வரம்பு வந்தது. தேர்ந்தெடுத்துப் போடுபவருக்கு அது தாராளம். குறை என்னவென்றால், நம் ஆட்கள் அங்கே இல்லை. காவடிப் படத்தைப் போட்டால் ஒரு ஜெர்மன்காரரும் ஒரு பிரேசில்காரரும் வண்ணத்தைப் பாராட்டுவார்கள். அந்த இளைஞர் எதற்காக ஏறுகிறார் என்பது அவர்கள் பேச்சில் வராது.

சரி, போட்டி. கழகங்களின் மாதப் போட்டிகளும், ஃபியாப் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஆதரவில் நடக்கும் சலோன்கள் எனப்படும் போட்டிக் கண்காட்சிகளும் இதில் அடங்கும். 1950இல் உருவான அந்தக் கூட்டமைப்பு, சலோன்களில் ஏற்கப்பட்ட படங்களின் கணக்கை வைத்து ஏஃபியாப் முதலிய பட்டங்களைத் தருகிறது. மலேசியாவில் அந்த எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்பவர்கள் கணிசம். போட்டி ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கிறது. ஓரங்களைத் துடைக்கவும், வெளிச்சப் பகுதி விவரமே இல்லாமல் வெள்ளையாக எரிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளவும், நமக்குப் பிடித்த படத்தையும் நல்ல படத்தையும் பிரித்தறியவும் அது பழக்கும். விதிகளும் தெளிவானவை: செய்திப்படப் பிரிவில் அந்தக் கைப்பேசியை மென்பொருளால் அழிக்கக் கூடாது, திறந்த பிரிவில் அழிக்கலாம்.

ஆனால் தீர்ப்பு வேறு, விமர்சனம் வேறு. சலோன் நடுவர் ஒரு படத்தைப் பார்ப்பது சில நொடிகள். நமக்குத் திரும்பி வருவது ஓர் எண், அல்லது ஏற்பு, நிராகரிப்பு என்ற ஒரு சொல். ஏன் என்ற காரணம் வராது. அதோடு, அலகு குத்துவதை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத வெளிநாட்டு நடுவரை நிறுத்துவது நெருக்கத்தில் எடுத்த கன்னமும் உலோகமும்தான். விரதமிருந்து வந்தவரின் கண்ணில் உள்ள அமைதி அந்தச் சில நொடிகளில் பிடிபடாது. இதைத் தெரிந்துகொண்ட சிலர் நடுவரின் கண்ணுக்காகவே எடுக்கத் தொடங்குகிறார்கள். ஆண்டுதோறும் தைப்பூசத்தில் கன்னத்தை நோக்கி நீளும் லென்ஸ்களில் ஒரு பங்கு அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது கடை மேசை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிறு காலை, தோசைத் தட்டுகளை எடுத்த பிறகு, மேசையை ஈரம் போகத் துடைத்துவிட்டு அச்சுப் படங்களைப் பரப்புவது. என் வாக்கு இதற்குத்தான், காரணங்களைச் சொல்கிறேன்.

அச்சு எதையும் ஒளிக்காது. 12-க்கு 8 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 3600-க்கு 2400 பிக்சல் தேவை. புலனத்தில் கரைந்துபோன நாய்ஸும் மயில் இறகில் விழுந்த ஃபோகஸும் இங்கே வெளிப்பட்டுவிடும். கடையில் 8R கேட்டால் 10-க்கு 8 அங்குலம்தான் வரும், 3:2 படத்தின் ஓரம் வெட்டுப்படும். ஆகவே 12-க்கு 8 என்று சொல்லியே கேளுங்கள். திரை தானே ஒளிர்கிறது, தாள் ஒளிர்வதில்லை. திரையில் சரியாகத் தெரியும் விடியற்காலைப் படம் தாளில் இருண்டுவிடும் என்பதால் அனுப்பும் முன் கொஞ்சம் வெளிச்சமாக்க வேண்டும். கடையின் மஞ்சள் விளக்குக்கு அடியில் நிறத்தைப் பற்றிப் பேசக் கூடாது, சன்னலோர மேசை வேண்டும்.

மரியாதைச் சிக்கலுக்கும் மேசையில் வழி இருக்கிறது. படத்தின் பின்னால் எண் மட்டும், பெயர் கிடையாது. வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும். முதல் சுற்றில் பிடித்தது, பிடிக்காதது என்ற பேச்சே இல்லை, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். எடுத்தவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. எடுத்தவருக்கு இது கடினமான நேரம், ஆனால் அவர் மனத்தில் இருந்தது படத்தில் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியவரும். ‘இருட்டிலேர்ந்து வெளிச்சத்துக்கு வர்றார்’ என்று நினைத்து எடுத்திருப்பார். சுற்றியிருப்பவர்களோ ‘கூட்டம்’, ‘நிறைய வண்ணம்’, ‘கைப்பேசி’ என்று சொல்வார்கள்.

அப்புறம் எல் வடிவில் வெட்டிய இரண்டு அட்டைகள். அவற்றைப் படத்தின் மேல் வைத்து நகர்த்தினால் எந்த வெட்டையும் அப்போதே பார்க்கலாம். நம் படத்தில் வலது ஓரத்தை மூடினால் முகத்துக்குப் பார்வை போகிறது. ஆனால் ஒருவர், ‘மூடாதீங்க, இன்னிக்குத் தைப்பூசம் இப்படித்தானே இருக்கு’ என்பார். அந்த ஒரு கைப்பேசியை வைத்து அரை மணி நேரம் வாதம் நடக்கும், நல்ல வாதம். கறுப்பு வெள்ளையாக்கினால் படிகளின் வண்ணம் தொந்தரவு செய்யாது என்று இன்னொருவர் சொல்வார். ஆக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

மேசையைத் தவிர வேறெங்கும் வராத கேள்வி ஒன்று உண்டு. பால்குடம் எடுத்த ஓர் அக்கா அங்கே இருந்தால் கேட்பார்: ‘இந்தத் தம்பிகிட்ட கேட்டீங்களா?’ அருள் வந்த நிலையில் இருப்பவரிடம் முன்கூட்டி அனுமதி கேட்க முடியாதுதான். கூட வரும் குடும்பத்தாரிடம் கேட்கலாம், இறங்கி வந்த பிறகு படத்தைக் காட்டலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம், வேண்டுமென்றால் ஒரு பிரதி அச்சுப்போட்டுக் கொடுக்கலாம். நாம் எடுப்பது பெரும்பாலும் நம் மக்களின் படங்கள். இந்தக் கேள்வியும் விமர்சனத்தின் பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

மேசைக்கும் குறைகள் உண்டு. ஏழெட்டுப் பேருக்கு மேல் போனால் குரல் பெரியவர்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை வேலை உள்ளவர் வர முடியாது. அச்சுக்குக் காசு ஆகும். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்காவிட்டால் முதல் இரண்டு படத்திலேயே காலை முடிந்துவிடும்.

ஆகவே புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு என் யோசனை: அன்றாடப் பகிர்தலுக்குப் புலனம் இருக்கட்டும். வாரம் ஒரு படம் மட்டும் டாக்குமெண்டாக வரட்டும், எடுத்தவரே ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு அனுப்பட்டும். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ தான் வரும், ‘கைப்பேசியை வெட்டலாமா?’ என்று கேட்டால் பதில் வரும். மாதம் ஒருமுறை மேசை. போட்டிக்கு அனுப்ப விரும்புபவர்கள் மேசையைத் தாண்டிய படங்களை அனுப்பட்டும்.

மேசைக்கு ஒரு படத்தோடு வராதீர்கள், குறைந்தது ஐந்து வேண்டும். பிரிட்டனின் ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி தன் முதல் பட்டத்துக்கே பத்துப் படங்களை ஒரு தொகுப்பாகக் கேட்கிறது. ஒரு படம் அதிர்ஷ்டத்தில் அமையலாம், ஐந்தை வரிசையாக வைத்தால் பழக்கம் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் நின்றபடி கண் உயரத்திலிருந்தே எடுத்திருக்கிறோம், எல்லா முகமும் நட்டநடுவில் இருக்கிறது, யாருடைய கையும் முழுதாகப் படத்துக்குள் வரவில்லை என்பதையெல்லாம் அந்த வரிசையைப் பார்த்த யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.