உள்ளே போகும் புத்தகம்: மட்டக்களப்பில் ஒரு பைண்டிங் கடை

மட்டக்களப்பு பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு குறுக்குத் தெருவில் இருக்கும் சின்ன அச்சகம் இது. பில் புத்தகமும் கல்யாணக் கார்ட்டும் கோயில் நோட்டீஸும் அடிப்பதுதான் அன்றாடப் பிழைப்பு. பின்னறையில் புத்தகம் கட்டுகிறார்கள். சிறையில் இருப்பவருக்குக் கொடுக்க என்று சொன்னால், "உள்ளுக்குப் போற புத்தகமா?" என்று மட்டும் கேட்பார்கள். யார், என்ன வழக்கு என்ற பேச்சே வராது. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்துகூடத் தாய்மார் புத்தகப் பையோடு இங்கே வருவதற்கு அந்த மரியாதையும் ஒரு காரணம்.

ஏன் தனியாகக் கட்ட வேண்டும்? கெட்டி அட்டைதான் சிக்கல். அட்டைக்கும் அதன் உட்பக்கம் ஒட்டும் தாளுக்கும் இடையில் எதையும் ஒளிக்கலாம் என்பது காவலருக்கும் தெரியும், கைதிக்கும் தெரியும். நெல்சன் மண்டேலா தென்னாபிரிக்காவின் ரொபன் தீவுச் சிறையில் எழுதிய தன்வரலாறு 1976இல் வெளியே வந்தது இந்த வழியால்தான். கூடச் சிறையிருந்த மக் மகராஜ் அதைப் பொடி எழுத்தில் படியெடுத்து, தன் படிப்புக் கொப்பிகளின் கட்டுக்குள் வைத்து, விடுதலையாகும்போது கொண்டுபோனார். மண்ணில் புதைத்து வைத்த மூலப்பிரதி பிடிபட்டது; கட்டுக்குள் இருந்தது தப்பியது. கெட்டி அட்டைப் புத்தகத்தை வாங்கவே மறுக்கும் சிறைகள் உண்டு. வாங்கும் இடத்திலும் சந்தேகம் வந்தால் முதுகை, அதாவது தாள்கள் ஒன்றுசேரும் பக்கத்தை, கீறிப் பார்க்கலாம். கீறிய புத்தகம் நாலு பேர் கை மாறுவதற்குள் தாள் தாளாகிவிடும்.

கடை செய்யும் வேலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அட்டையைக் கழற்றி, முதுகில் காய்ந்த பசை மேல் மாக் கூழைத் தடிப்பாகப் பூசி ஊறவிடுகிறார்கள். கால் மணி நேரத்தில் பழைய பசை இளகும். மழுங்கிய கத்தியால் வழித்தெடுத்தால் 16 பக்க மடிப்புகள் (சேர்த்து மடித்த தாள்கள்) கிழியாமல் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு மடிப்பையும் நடுவில் விரித்து, முதுகு வரியில் ஐந்து துளை குத்தி, மெழுகுதிரியில் இழுத்த பருத்தி நூலால் அடுத்த மடிப்போடு கோத்துத் தைக்கிறார்கள். ஊசி சாய்ந்தால் துளை வரியை விட்டு விலகும், புத்தகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அதற்காக V வடிவில் இரண்டு பலகை சேர்த்த ஒரு தொட்டிலில் மடிப்பைக் கிடத்தி நேர்க்குத்தாகக் குத்துகிறார்கள். மேலட்டைக்குப் பிரிஸ்டல் போட் என்ற மெல்லிய, வளையும் அட்டை. முதுகில் மட்டும் ஒட்டு. அட்டையின் உட்பக்கம் வெறுமையாகவே இருக்கும். சிறை வாசலில் சோதிப்பவர் இரண்டு விரலால் மடக்கிப் பார்த்தாலே உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும்.

அட்டையில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழோடு சிங்களத்திலும் அச்சடித்துத் தருகிறார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. இதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். என்ன புத்தகம் என்று விளங்காவிட்டால் எந்த அதிகாரியும் அதை ஒரு பக்கம் தள்ளித்தான் வைப்பார். மேலட்டை எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு ரொபன் தீவிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. அங்கே கைதியாக இருந்த சன்னி வெங்கட்ரத்னம், ஷேக்ஸ்பியர் முழுத் தொகுதியின் அட்டையில் தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, தன் சமய நூல் என்று சொல்லிப் பக்கத்தில் வைத்திருந்தார். 30க்கும் மேற்பட்ட தோழர்கள் தங்களுக்குப் பிடித்த வரிகளுக்கு அருகில் கையெழுத்திட்டார்கள். ஜூலியஸ் சீசர் நாடகத்தின் ஓரிடத்தில் மண்டேலாவின் கையெழுத்து இருக்கிறது. தேதி 16 டிசம்பர் 1977.

குறைக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் நாவல்களில் பெரும்பாலானவை தையல் இல்லாத ஒட்டுப் புத்தகங்கள். முதுகை வெட்டிச் சூட்டுப் பசை போட்டவை. இவற்றில் மடிப்பே கிடையாது, ஒற்றைத் தாள்தான். கடைக்காரர்கள் ஓரத்திலிருந்து ஐந்து மில்லிமீற்றர் உள்ளே துளை போட்டுப் பக்கவாட்டில் தைக்கிறார்கள். பலம் இருக்கும், ஆனால் புத்தகம் தட்டையாக விரியாது. உள்ளோரத்து வெற்றிடம் 15 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வரிகளின் தொடக்கமே தையலோர வளைவுக்குள் மறைந்துவிடும். இதை அவர்களாக அளந்து சொல்வதில்லை. அடிமட்டம் கொண்டுபோய் நாமே அளந்து, இடம் போதாவிட்டால் துளைக்குப் பதில் முதுகில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு நூலைப் பதித்து ஒட்டித் தரும்படி கேட்க வேண்டும். கேட்டால் செய்கிறார்கள்.

இன்னொன்று நூல். பருத்தி நூல் தீர்ந்துவிட்டால் மீன் வலைக்குப் போடும் நைலோன் நூலை எடுத்துவிடுகிறார்கள். அறாது என்பது உண்மைதான், ஆனால் அது தாளை அறுக்கும். நூறு தடவை விரித்து மூடும்போது துளை ஒவ்வொன்றும் கீற்றாக நீளும். நூல் அப்படியே இருக்கும், பக்கம் கழன்று கையோடு வரும். கொடுக்கும்போதே "பருத்தி நூல்" என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

தடித்த புத்தகம் என்றால் பிரிப்பதே நல்லது. 900 பக்கத்தை மூன்றாக்கினால் பாரம் குறையும், படுத்துக்கொண்டு கையில் பிடித்து வாசிக்கலாம், சோதிப்பவருக்கும் நேரம் மிச்சம், ஒரே நேரத்தில் மூவர் வாசிக்கலாம். மூன்றின் அட்டையிலும் 1/3, 2/3, 3/3 என்று போட வேண்டும்.

இந்தக் கடையின் உண்மையான சிறப்பு கொப்பிதான். பில் புத்தகத்துக்கு நம்பர் அடிக்கும் மெஷின் இருப்பதால், வெற்றுக் கொப்பியில் ஒவ்வொரு தாளுக்கும் தொடர் எண் அடித்துத் தருகிறார்கள். 1929இல் இத்தாலியின் தூரி சிறையில் அரசியல் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்ஷிக்கு எழுத அனுமதி கிடைத்தபோது, கொப்பிகளுக்குச் சிறை முத்திரை குத்திப் பக்க எண்ணும் இட்டுத்தான் கொடுத்தார்கள். ஒரு தாள் காணாமல் போனாலும் தெரிய வேண்டும் என்பது நிர்வாகத்தின் கவலை. அந்தக் கவலைக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறது இந்த எண். எழுதுகிறவருக்கும் நன்மை உண்டு: சிறைக்கூடம் மாற்றும்போது தாள் கலைந்தாலும் வரிசையைத் திரும்பப் பிடிக்கலாம். கிராம்ஷி விட்டுப்போனவை 33 கொப்பிகள்.

கொப்பி அவசியமா என்று யோசிப்பவர்கள் நேருவை நினைக்கலாம். 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து மகளுக்கு உலக வரலாற்றைக் கடிதங்களாக எழுதியபோது அவரிடம் நூலகம் இருக்கவில்லை. புத்தகங்கள் வந்து வந்து திரும்பிப் போயின. வருடக்கணக்காக எழுதிச் சேர்த்த குறிப்புக் கொப்பிகள்தான் கைகொடுத்தன. ஆகவே மூன்று புத்தகம் கொடுத்தால் கூடவே ஒரு கொப்பியாவது கொடுங்கள்.

தாளில் பளபளப்பு வேண்டாம். 1978இல் கென்யாவின் காமிட்டி என்ற ஊர்ச் சிறையில் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ ஒரு முழு நாவலைக் கழிவறைத் தாளில் எழுதினார். அந்தத் தாள் முரடாக இருந்ததே எழுத வசதியாயிற்று. கடையில் இரண்டு வகைத் தாள் காட்டுவார்கள். சதுர மீற்றருக்கு 70 கிராம் பாரமுள்ள சொரசொரப்புத் தாளை எடுங்கள், இருபக்கமும் எழுதலாம். பேனை சாதாரண போல்பொயின்ற். ஜெல் பேனை எழுத்து வியர்வைக் கை பட்டாலே இழுபடும், மழை ஈரத்தில் கரைந்தும் போகும். கம்பிச் சுருள் பைண்டிங் மலிவு என்று சொல்வார்கள், எடுக்காதீர்கள். கம்பி உள்ளே போகாது. கடையில் விற்கும் கொப்பியை வாங்கிக் கொடுத்தாலும் ஸ்ரேப்பிள் ஊசி இருந்தால் பிடுங்கிவிட்டு நூல் தையல் போடச் சொல்லலாம்.

பசை கோதுமை மாக் கூழ்: ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கொதித்துக் கண்ணாடி போலாகும்வரை கிண்டுகிறார்கள். வாவிக்கரை ஊரில் இதற்குப் பூஞ்சணமும் வெள்ளிப் பூச்சியும் உடனே வரும் என்பதால் துருசு (மயில்துத்தம்) சேர்க்கிறார்கள். துருசு நஞ்சு, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் பலருக்கும் உண்டு. முதுகுக்கு உள்ளே மட்டும் பூசச் சொல்லுங்கள், தாளோரத்தில் படக்கூடாது. மாரிக்காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, கூழ் காய மூன்று நாள் எடுக்கும். அவசரப்படுத்தினால் ஈரத்தோடு தருவார்கள், பையில் கிடந்தே புளித்து மணக்கும்.

300 பக்கப் புத்தகத்துக்கு 700 ரூபா. வேலைக்கு அது நியாயம். எந்தச் சிறை என்று முடிவான பிறகு, அங்கே எத்தனை புத்தகம், எந்த நாள், யார் பெயருக்கு என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். விதி இடத்துக்கு இடம் மாறும்; கொழும்புவரை போய் வாசலில் திருப்பி அனுப்பினால் அலைச்சலும் ஒரு நாள் கூலியும் போகும்.

கடைசியாக, முன்னும் பின்னும் இரண்டிரண்டு வெற்றுத் தாள் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வாசித்தவர்கள் பெயர் எழுதவும், சொல்லுக்குப் பொருள் குறிக்கவும் இடம் வேண்டும். புத்தகத்தைக் கடையில் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தைத்து முடித்த பிறகு சேர்க்க முடியாது.